முப்பது நாளுக்குமேல் பொறுப்பல்ல

ரசீதின் அடியில் அரபியில் அச்சடித்திருக்கிறது.
எனக்கு வாசிக்கத் தெரியாது, மனப்பாடம்:
முப்பது நாளுக்குள் எடுக்காத துணிக்குக்
கடை பொறுப்பல்ல.

பஹ்ரைன், ஹமத் டவுன்,
ஏழாம் ரவுண்டானாவுக்குப் பின்தெரு.
நானூற்றுப் பதினெட்டு:
கறுப்புச் சட்டை, முழுக்கை.
வலது அக்குளில் தையல் விட்டிருக்கிறது.
நெஞ்சில் அடித்து அடித்து அங்கேதான் விடும்.
மொகரம் முடிந்த வாரம்
பாதித் தெருவின் சட்டைகள் அப்படித்தான் வரும்.
இது மெய்தமுடையது.
அலுமினிய ஆலையில் இரவு ஷிஃப்ட்.

நானூற்று முப்பத்தொன்று:
வெள்ளை தோப். நவ்வாஃப் போட்டது.
கஞ்சி இப்படி இருக்கணும் என்று
கவுண்டரைத் தட்டிக் காட்டுவான்.
போன குளிரில் ஒருநாள்
ஐந்து தோபையும் அள்ளிக்கொண்டு வந்தான்.
கணுக்காலுக்கு மேல் நாலு விரல் வெட்டு என்றான்.
வெட்டினேன்.
விழுந்த துண்டுகளால் இஸ்திரி மேசையைத் துடைத்தேன்.
வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பேரின் பந்தாட்ட ஜெர்சியும்
ஒரு காலத்தில் ஒரே பையில் வரும்,
மஞ்சள், முதுகில் ஏழும் பத்தும்,
யாருடைய வியர்வை யாருடையது என்று
பிரிக்க முடியாத நாற்றத்தோடு.
பிறகு பை இரண்டாயிற்று.
கறுப்பையும் வெள்ளையையும்
நானும் சேர்த்துப் போடுவதில்லைதான்.
அதற்குக் காரணம் சாயம்,
வேறெதுவும் இல்லை.

ஒரு ராத்திரி டெலிவரி போகையில்
எரிகிற டயருக்கு இந்தப் பக்கம் முகமூடி,
நூறடி தள்ளி ஹெல்மெட்.
அட்டையில் பக்கீர் மைதீன் என்று பார்த்ததும்
இரண்டு பக்கமும் கேட்டது ஒரே கேள்வி:
நீ எது?
எங்கள் பக்கத்தில் மொகரத்துக்குப்
பூக்குழி இறங்குகிறவன் மாரிமுத்து என்பதை
அரபியில் எப்படிச் சொல்ல?
'ஹிந்தி' என்றேன்.
இந்தியாக்காரனுக்கு இங்கே அதுதான் சொல்.
தமிழன் ஒருவன் ஹிந்தி என்று சொல்லி
உயிர் பிழைத்த கதையை
ஊரில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

மெய்தம் பெய்ரூட் வழியாகப் போனான்,
சைனப் நாயகியின் அடக்கத்தலத்துக்குக் காவல் நிற்க.
நவ்வாஃப் இஸ்தான்புல் வழியாக.
வெள்ளைத் துணிக்காரன்தான் கறுப்புக் கொடிக்குப் போனான்.
இறங்கிய நாடு ஒன்றே.
டீக்கடையில் எந்தச் சேனல் ஓடுகிறதோ
அதைப் பொறுத்து
செத்தவன் ஷஹீத், அல்லது எண்ணிக்கை.

நாற்பதாம் நாள் ஹாஜி அப்துல்நபி வந்தார்.
ரசீது நான்காக மடித்து இருந்தது.
சட்டையை வாங்கி முகத்தருகே கொண்டுபோனவர்
நிமிர்ந்து கேட்டார்: கழுவிவிட்டாயா?
மூன்று தண்ணீர் அலசினேன் பாபா என்றேன்,
கெட்டிக்காரத்தனமாக.
முந்நூறு ஃபில்ஸை எண்ணி வைத்தார்.
அக்குள் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.
சட்டையை எடுத்துப் போகவில்லை.

நவ்வாஃபின் அப்பா
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வந்தார்.
மகன் பெயரைச் சொல்லவில்லை.
யாராவது வந்து கேட்டால்
அவன் இங்கே துணி போட்டதே இல்லை என்று சொல் என்றார்.
சரி என்றேன்.
போவார் என்று நின்றேன். போகவில்லை.
வெட்டிய துண்டு இருக்கிறதா என்றார்.
எது?
நாலு விரலைக் காட்டினார்.

மேசைக்கு அடியில் முட்டிபோட்டுத் தேடினேன்.
ஒன்று கிடைத்தது,
பழுப்பேறி, ஓரத்தில் இஸ்திரிச் சூடு பட்டு.
திரும்பச் சேர்த்துத் தைக்க முடியுமா?
முடியும், ஒட்டுப்போட்டது தெரியும் என்றேன்.
தெரியட்டும்.

ரசீது போடவா என்றேன்.
கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு
ஷட்டருக்குக் கீழே குனிந்து போனார்,
தலைக்கட்டு தட்டி விழுந்ததைக்கூட
எடுக்காமல்.